எந்த மலைத் தேயிலை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடையில் அசாம், டார்ஜிலிங், நீலகிரி, சிலோன் என்று நான்கு பாக்கெட் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே தேயிலைச் செடிதானே? ஊர்ப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்களா?
– வாசகர், மதுரை

பதில்: செடி ஒன்றுதான், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. சீன வகைக்கு இலை சிறிது, குளிரைத் தாங்கும், மணம் நயமாக இருக்கும். அசாம் வகைக்கு இலை பெரிது; வெப்பமும் ஈரமும் கேட்கும்; சாயத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பாலிஃபீனால்கள் அதில் அதிகம். டார்ஜிலிங்கின் பழைய தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் சீன வகைச் செடிகள். அசாமிலும் கென்யாவிலும் அசாம் வகை. நீலகிரியில் இரண்டும் உண்டு, இரண்டின் கலப்பும் உண்டு.

அதன் பிறகு உயரம். பிரம்மபுத்திராவின் சமவெளித் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. அந்தப் புழுக்கத்தில் கொழுந்து மடமடவென்று வளரும், சாயம் திடமாக இறங்கும். டார்ஜிலிங் தோட்டங்கள் 600 முதல் 2,000 மீட்டர் வரை ஏறுகின்றன. இரவுக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணப்பொருள்கள் செறிந்து நிற்கும், சாயம் இளம் நிறமாக இருக்கும்.

மூன்றாவது, பறித்த மாதம். இதைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. அசாமில் மே நடுவிலிருந்து ஜூன் முடிய எடுக்கும் இரண்டாம் பறிப்பில் முளைகட்டி வறுத்த தானியத்தின் வாசம் இருக்கும். பொன்னிற மொட்டுகள் கலந்து தெரியும். அதே தோட்டத்தில் ஆகஸ்ட் மழையில் பறித்தது சாயம் மட்டும் தரும். டார்ஜிலிங்கில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை முதல் பறிப்பு: பூவாசம், பச்சை வாடை, வெளிர் மஞ்சள் சாயம். மே, ஜூனில் இரண்டாம் பறிப்பு. அந்தச் சமயம் தத்துப்பூச்சி இளந்தளிரைக் கடித்துச் சாறு உறிஞ்சும். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள்தான் பிறகு கோப்பையில் மஸ்கட் திராட்சையின் மணமாக வருகின்றன. பூச்சி கடிக்காத கொழுந்தில் அந்த மணம் அவ்வளவாக எழாது.

கடைசியாக, தொழிற்சாலை. பறித்த கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாட்டி, நசுக்கி, காற்றுபட விட்டுச் சிவக்க வைத்து, சூட்டில் உலர்த்தி ஈரத்தை சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை உருட்டி முறுக்குவார்கள். இலை முறுக்கு முறுக்காகத் தெரியும். சி.டி.சி. முறையில் பல் வைத்த உருளைகளுக்கு இடையில் விட்டுக் கிழித்துக் குருணையாக்குவார்கள். இது 1930களின் தொடக்கத்தில் அசாமில் பிறந்த இயந்திரம். இலையின் செல்கள் முழுதாக உடைவதால் சாயம் உடனே இறங்கும். நுண்மையான மணங்களில் பாதி இங்கேயே போய்விடும். நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கும் நீலகிரி சி.டி.சி.க்கும் உள்ள வித்தியாசம், நீலகிரி சி.டி.சி.க்கும் அசாம் சி.டி.சி.க்கும் உள்ளதைவிடப் பெரிது. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பறித்த பருவம், ஆர்த்தடாக்ஸா சி.டி.சி.யா என்ற விவரம், பொதி செய்த தேதி மூன்றும் பாக்கெட்டில் இருந்தால் அந்த விலைக்கு ஓரளவு அர்த்தம் உண்டு.

கேள்வி: உறவினர் டார்ஜிலிங் தேயிலை வாங்கி வந்தார். எப்போதும்போல் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தேன். நிறமும் இல்லை, திடமும் இல்லை, லேசாகக் கசந்தது. போலியா?
– வாசகி, திருச்சி

பதில்: போலி என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். டார்ஜிலிங் முதல் பறிப்பைக் கொழுந்தின் எடை பாதிக்கு மேல் குறையும்வரை கடுமையாக வாட்டுவார்கள். ஈரம் அவ்வளவு போன பிறகு இலை முழுதாகச் சிவக்காது. பாக்கெட்டில் பச்சை கலந்து தெரிவது அதனால்தான். இலை சிவக்கும்போது உருவாகி, பாலுக்கு ஈடுகொடுக்கும் செம்பொருள்கள் அதில் குறைவு. பாலின் புரதம் இருக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளும். கொதிக்க வைத்ததால் மணம் ஆவியோடு போய், கசப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மிச்சத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, 2 நிமிடம் திறந்து வையுங்கள். 3 கிராம் இலை போதும். முறுக்கிய இலை கரண்டியில் உப்பலாக நிற்கும், சி.டி.சி. தூளில் ஒரு டீஸ்பூன் என்றால் இதில் குவித்து இரண்டு டீஸ்பூன் வேண்டும். மூடி வைத்து 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இரண்டாம் பறிப்பாக இருந்தால் கொதிநீரையே ஊற்றி 4 நிமிடம் விடலாம். பால் வேண்டாம். சர்க்கரையும் முதல் வாய்க்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும். வடித்த இலையில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றலாம்.

அசலா என்ற சந்தேகம் தீர, பொதியில் டார்ஜிலிங்கின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: இரண்டு இலை ஒரு மொட்டைக் கையில் ஏந்திய பெண்ணின் பக்கவாட்டு முகம். இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலைதான்.

கேள்வி: மலை ஏறினால் நீலகிரித் தேயிலை. ஆனால் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் "அசாம் கலந்தால்தான் டீ நிற்கும்" என்கிறார்கள். உண்மையா? வீட்டில் எந்த அளவில் கலக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பால் டீயைப் பொறுத்தவரை பாதி உண்மை. அசாம் சி.டி.சி.யில் உடம்பு இருக்கும். நாக்கில் கனமாக உட்காரும். நீலகிரியின் பலம் சுறுசுறுப்பும் மணமும். நிறைய பாலும் நிறைய சர்க்கரையும் போடுகிற இடத்தில் நீலகிரி அமுங்கிவிடும். அதற்காகத்தான் கடைக்காரர் அசாமைத் தேடுகிறார்.

ஆனால் நம் பக்கத்து டீக்கடைக்கு வேகமும் வேண்டும். துணிப்பையில் கொதிநீர் விழுந்த நொடியில் டிகாஷன் இறங்க வேண்டும். அந்த வேலையைத் தென்னிந்திய டஸ்ட், அதாவது மிகப் பொடியான தூள், செய்வதுபோல் அசாம் குருணை செய்யாது. அதைக் கொதிக்கவிட வேண்டும். அதனால்தான் கலவை. வீட்டுக்கு அசாம் சி.டி.சி. குருணை 2 பங்கு, நீலகிரி அல்லது வால்பாறை டஸ்ட் 1 பங்கு என்று தொடங்குங்கள். மணம் போதவில்லை என்று தோன்றினால் நீலகிரியைச் சரிபாதிக்குக் கொண்டுபோங்கள். டஸ்ட் அதற்கு மேல் போனால் வடிகட்டியில் இறங்கி அடியில் மண்டியாக நிற்கும்.

இரண்டு பேருக்கு 150 மில்லி தண்ணீர், கலவையில் மட்டமாக 2 டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம். தண்ணீர் கொதித்த பிறகு தூளைப் போட்டு, சிறு தீயில் 2 நிமிடம். பிறகு தனியாகக் காய்ச்சிய சூடான பால் 150 மில்லி. ஒரு பொங்கு வந்ததும் இறக்கி வடிக்கவும். தூளை முதலிலேயே பாலில் போட்டால் சாயம் சரியாக இறங்காது. இறங்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுவோம், கடைசியில் துவர்ப்புதான் மிஞ்சும். டிகாஷனை அரை மணி நேரம் அடுப்பிலேயே வைத்திருந்து ஊற்றும் கடைகளின் கசப்புக்குத் தேயிலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரியைப் பால் டீயை வைத்து மட்டும் எடைபோடுவது அந்த மலைக்குச் செய்யும் அநியாயம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி இரவுகளுக்குப் பிறகு பறிக்கும் கொழுந்தில் செய்த ஆர்த்தடாக்ஸ் தேயிலை பால் இல்லாமல் குடிக்க மிக நல்லது. இரண்டு பருவமழையும் கிடைப்பதால் நீலகிரியில் ஆண்டு முழுக்கப் பறிக்கிறார்கள். ஆனால் எல்லா மாதமும் ஒரே தேயிலை அல்ல. குன்னூர் பக்கம் போனால் குளிர்காலப் பறிப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் குடிப்பது பிளேன்டீதான். நுவரெலியா, ஊவா, காலித் தேயிலை என்று தனித்தனியாக விற்கிறார்கள். இவ்வளவு சின்னத் தீவுக்குள் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?
– வாசகி, திருகோணமலை

பதில்: நிறைய. இலங்கைத் தேயிலையை உயரம் பார்த்துப் பிரிப்பார்கள்: 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலம், 600 முதல் 1,200 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். காலி, மாத்தறை உள்ள ருஹுணு தாழ்நிலம். வெயிலும் ஈரமும் கூடிய இடம். இலை கன்னங்கரேல் என்றிருக்கும். சாயம் ஆழ்ந்த சிவப்பு. கொஞ்சம் இனிப்பும் தெரியும். மத்திய கிழக்கு நாடுகளிலும் துருக்கியிலும் சர்க்கரைக் கட்டியோடு பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு இது பிடிக்கும். இலங்கையின் உற்பத்தியில் பாதிக்கு மேல் தாழ்நிலத் தேயிலைதான், "சிலோன் டீ" என்றதும் எல்லார் மனதிலும் மலைதான் வந்தாலும்.

நுவரெலியா அதற்கு நேர் எதிர். ஏறக்குறைய 1,900 மீட்டர். சாயம் வெளிர் பொன், பூவாசம், வாயில் லேசு. ருஹுணு குடித்துப் பழகியவர்கள் இதைத் 'தண்ணி' என்பார்கள்.

ஊவாவின் கதை காற்றின் கதை. மத்திய மலையின் கிழக்குச் சரிவு அது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி வருவது வறண்ட கச்சான் காற்று. உங்கள் ஊரை ஜூலை, ஆகஸ்டில் வறுத்தெடுக்கும் அதே காற்றுதான். அது அடிக்கும்போது கொழுந்து வாடி, தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்குமே, அந்தப் பொருள். ஆகவே ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை பறித்த ஊவாத் தேயிலையில் தொண்டையில் குளிரும் ஒரு மணம் வரும். மருந்துவாடை, கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏலத்தில் கூடுதல் விலை கொடுப்பதே அதற்காகத்தான். மேற்குச் சரிவில் உள்ள திம்புளைக்கு இதன் மறுபக்கம்: வடகிழக்குப் பருவத்தில் அங்கே வறட்சி, அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை பறித்ததுதான் சிறப்பு.

பிளேன்டீக்கு எங்கள் தேர்வு திம்புளை. திடமும் மணமும் ஒன்றையொன்று அமுக்காது. இஞ்சி தட்டிப் போடும் வழக்கம் இருந்தால் ருஹுணு போதும்; நுவரெலியாவை இஞ்சியில் வீணாக்க வேண்டாம். சிங்க முத்திரை உள்ள பொதி என்றால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது.

கேள்வி: ஊட்டியில் குடித்துப் பிடித்துப்போய் அதே தேயிலையை வாங்கிவந்தேன். சென்னை வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கல், மேலே எண்ணெய்ப் படலம்போல் ஏதோ மிதக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: அது எண்ணெய் இல்லை. உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து, காற்றுபடும் மேற்பரப்பில் கட்டும் படலம். இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், கரைந்துவிடும். கடின நீரில் சாயம் கறுத்து மங்கும், மணம் எழாது.

தண்ணீரை 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, மறுபடி கொதிக்க வைத்து டீ போடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் சரிதான். ஆனால் தாது அறவே நீங்கிய தண்ணீரில் துவர்ப்பு கூர்மையாகத் தெரியும். அப்படித் தோன்றினால் நான்கில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. அங்கே 5 நிமிடம் ஊறியது இனித்தது என்றால் இங்கே மூன்றரை நிமிடத்தில் வடியுங்கள்.

கேள்வி: பாக்கெட்டின் மேல் பி.ஓ.பி., ஓ.பி., எஸ்.ஆர்.டி. என்று எழுத்துகள். எது முதல் தரம்?
– வாசகர், ஈரோடு

பதில்: அவை தர வரிசை அல்ல, சல்லடை வரிசை. ஓ.பி. நீண்ட முழு இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சிறிய துணுக்கு, கடைசியில் டஸ்ட். சி.டி.சி.யில் பி.பி., பி.எஃப்., பி.டி. என்று குருணை சிறிதாகிக்கொண்டே போகும். எஸ்.ஆர்.டி. என்பது சூப்பர் ரெட் டஸ்ட், தென்னிந்தியக் கடைகளின் செல்லப்பிள்ளை. நல்ல தோட்டத்தின் டஸ்ட், சோப்ளாங்கித் தோட்டத்தின் ஓ.பி.யைவிட எவ்வளவோ மேல். அளவு குறையக் குறைய வேகமாகச் சாயம் இறங்கும் என்பதுதான் இந்த எழுத்துகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி: முழு இலைக்கு 4, 5 நிமிடம், உடைந்த இலைக்கு 3, டஸ்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

கேள்வி: ஐஸ் டீ போட்டால் கலங்கிப்போகிறது. எந்தத் தேயிலை கலங்காது?
– வாசகி, சேலம்

பதில்: சூடு இறங்கும்போது கஃபீனும் தேயிலையின் செம்பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் வரும் கலங்கல் அது. திடமான அசாமில் நிச்சயம் வரும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் ஆறினாலும் தெளிவாக நிற்கும். ஐஸ் டீ தயாரிப்பவர்கள் அதைத் தேடுவது அதனால்தான். கொதிக்கும் டிகாஷனில் நேரே ஐஸைக் கொட்டாதீர்கள். கைபொறுக்கும் சூட்டுக்குத் தானாக ஆறட்டும். அதைவிடச் சுலபம், 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 10 கிராம் நீலகிரி இலையைப் போட்டு ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் வைத்து வடிப்பது. துவர்ப்பும் குறைவாக இருக்கும். கலங்கியே விட்டதா? கொஞ்சம் கொதிநீர் சேருங்கள், தெளிந்துவிடும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறும்; அது புளிப்பின் வேலை, தேயிலையின் குற்றமல்ல.

கேள்வி: துபாயில் கென்யத் தேயிலை மலிவாகக் கிடைக்கிறது. பாலுக்கு ஒத்துவருமா? சீனாவிலிருந்து வந்த இன்னொன்று விறகுப் புகை வாடை அடிக்கிறது, குடிக்கலாமா?
– வாசகர், துபாய்

பதில்: கென்யத் தேயிலை பாலுக்கு நன்றாக ஒத்துவரும். நிலநடுக்கோட்டை ஒட்டி 1,500 மீட்டருக்கு மேல் விளைகிறது, ஏறக்குறைய எல்லாமே சி.டி.சி. சாயம் பளிச்சென்ற செம்பொன். அசாமின் கனம் இருக்காது, ஆனால் துடிப்பு அதிகம். ஏலக்காய் போடுபவர்களுக்கு அசாமைவிட இது பொருந்தும்.

சீனத் தேயிலை ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையின் லாப்சாங் சூசோங்காக இருக்கலாம். பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. புகைவாடைதான் அதன் இலக்கணம். பாலின்றி, குறைந்த இலையில் போடுங்கள். அன்ஹுய் மாகாணத்து கீமுன், யுன்னானின் பொன்மொட்டுத் தேயிலை இரண்டும் கிடைத்தால் அவற்றில் தொடங்குவது இன்னும் நல்லது. ஆனால் இந்தியத் தேயிலையில் புகைவாடை வந்தால் அது பழுதுதான்: உலர்த்தும் இயந்திரத்தில் எங்கோ ஓட்டை விழுந்து அடுப்புப் புகை உள்ளே கசிந்திருக்கும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு ஊர்த் தேயிலையை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான முறை உண்டா? சாயப்பொடி கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏலத் தேயிலையைச் சுவைப்பவர்கள் பின்பற்றும் முறையையே கொஞ்சம் எளிமையாக்கிக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள நான்கு வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் கணக்கில் இலை. கரண்டியை நம்பாமல் சிறு தராசில் நிறுங்கள். எல்லாவற்றிலும் ஒரே கெட்டிலின் கொதிநீர். மூடி, சரியாக 6 நிமிடம். குடிப்பதற்கு இது அதிகம்தான். குறைகள் வெளியே வரட்டும் என்றுதான் இவ்வளவு நேரம். வடித்து, கொஞ்சம் ஆறியதும் கரண்டியில் எடுத்து சத்தமாக உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்கின் பின்புறம் ஏறும். வெறும் வயிற்றில் வேண்டாம்.

வடித்த சக்கையையும் பாருங்கள். செம்புக் காசின் நிறத்தில் பளிச்சென்றிருந்தால் பக்குவம் சரி. பச்சை மிகுந்தால் போதிய அளவு சிவக்கவில்லை. டார்ஜிலிங் முதல் பறிப்புக்கு மட்டும் இதில் விலக்கு. கறுத்து மங்கியிருந்தால் அளவுக்கு மீறிச் சிவந்தது, அல்லது பழையது. பிறகு ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் பால் விடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் வந்தால் பால் டீக்கு ஏற்றது. சாம்பல் பூத்தால் பால் இல்லாமலே குடியுங்கள்.

சாயப்பொடிக்கு: வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தாளை நனையுங்கள். சிறிது நேரம் கழித்துத் தூளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடர்ந்த நிறப் புள்ளிகள் தங்கியிருந்தால் சாயம் கலந்தது. குளிர்ந்த தண்ணீரில் தூளைப் போட்டுப் பார்க்கும் இன்னொரு முறையைப் பலர் சொல்வார்கள். டஸ்ட் தேயிலைக்கு அது ஏமாற்றும், சுத்தமான டஸ்டும் குளிர்ந்த நீரில் மெல்ல நிறம் விடும். போட்ட உடனே கீற்றாக நிறம் இறங்கினால் மட்டும் சந்தேகப்படுங்கள். காந்தத்தை ஒருமுறை தூளின் மேல் ஓட்டுங்கள். இரும்புத்தூள் இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும்.